குடும்பத் தலைவரிடம் வாசித்துக் காட்டவும்

பஸ் கிளம்பட்டும், கிளம்பின பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்று துளசிமணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லி முடிப்பதற்குள் யோசனை ஆரம்பித்துவிட்டிருந்தது. திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டில் காலை பத்து மணிக்கே ஜன்னல் கம்பியைத் தொட முடியவில்லை. டிரைவர் டீக்கடையில் யாரிடமோ கதை பேசிக்கொண்டிருந்தார். மடியில் கைப்பை, கைப்பைக்குள் டேப்லெட், டேப்லெட்டுக்குள் பூலாங்காடு கலாமணியின் வீடு. அங்கே போய்ச் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். போன தடவை வேற ஊட்டுக் கணக்கு கலந்து போச்சுங்க. இல்லை, கலந்து போச்சு என்றால் என்னவோ தானாகக் கலந்துகொண்ட மாதிரி இருக்கிறது. போன தடவை நான்தானுங்க வேற ஊட்டுக் கணக்க மாத்திப் படிச்சுட்டேன். இது தேவலை. நான்தான் என்பதில் ஓர் அழுத்தம் இருக்கிறது, கேட்கிறவனுக்கு நம்பலாம் போலத் தோன்றும். சொல்லும்போது சிரிக்க வேண்டுமா? கொஞ்சம் சிரிக்கலாம், அசட்டுச் சிரிப்பு. அது அவளுக்குச் சுலபமாக வரும். பதினோரு வருடமாக முன்பின் தெரியாதவர்களின் வாசலில் நின்று அதைத்தான் சிரித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு பல்கலைக்கழகத்துக்காக வீடு வீடாகப் போய், யார் என்ன வேலை செய்கிறார்கள், என்ன கூலி, வீட்டில் என்ன சொத்து என்று கேட்டு நிரப்புகிற வேலை. ஆராய்ச்சி அவர்களுடையது, அலைச்சல் இவளுடையது. ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி. இவளைப் போன்றவர்களுக்கென்றே படிவத்தில் ஒரு கட்டம் உண்டு, 'துண்டுக் கூலிக்கு வேலை செய்யும் தற்காலிகத் தொழிலாளர்' என்று. எத்தனையோ பேரை அந்தக் கட்டத்தில் போட்டிருக்கிறாள். அவளை யாரும் கேட்டதில்லை. கேட்டால் ஆராய்ச்சி வேலை என்று கவுரவமாகச் சொல்லியிருப்பாள், எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள், தறி ஓட்டுகிறவன்கூட பிசினஸ் என்கிறான். ஒன்பது நாள் ஆகிவிட்டது. ஒன்பது நாள் கழித்து வந்து, மாத்திப் படிச்சுட்டேன் என்றால் எவன் நம்புவான்?

அன்றைக்குத் திங்கட்கிழமை. கலாமணி வீட்டு நடையில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். பனியன் கம்பெனியிலிருந்து கட்டுக் கட்டாக வரும் துணிகளில் தையலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் சின்னக் கத்தரியால் நறுக்கித் தள்ளுகிற வேலை. அவளைச் சுற்றி வெள்ளையும் சிவப்புமாக நூல் குவிந்து கிடந்தது, காதோரத்தில்கூட ஒரு வெள்ளை நூல் ஒட்டியிருந்தது. கடந்த ஏழு நாட்களில் ஏதாவது வேலை செய்தீர்களா என்று துளசிமணி கேட்டாள். "வேலையெல்லாம் ஒண்ணுமில்லீங்க்கா, சும்மா ஊட்லதான் இருக்கறன்" என்றாள் கலாமணி, கத்தரியை நிறுத்தாமல். எல்லா வீட்டிலும் இதே பதில்தான், துளசிமணிக்குச் சிரிப்பு வந்து வருடக்கணக்காகிறது. பிறகு பெண்களுக்கான பகுதி. கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கேட்க வேண்டும். பயிற்சி கொடுக்க வந்த பேராசிரியர் அதை மட்டும் மூன்று தடவை சொன்னார்: ஒரு வீட்டுக்குள்ளே இரண்டு மூன்று வீடு இருக்கும்மா, ஆம்பளை சொல்றது அவன் வீட்டுக் கணக்குதான், உள்ளே இருக்கிற வீட்டையும் எழுதினால்தான் வறுமை எங்கே இருக்கிறது என்று தெரியும். சரி என்று தலையாட்டினாள், இப்போதும் அது சரிதான், அந்த மனிதர்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் பெயரில், உங்களுக்கே உரியதாக, நிலமோ மனையோ இருக்கிறதா? கத்தரி அப்போதுதான் நின்றது. கலாமணி சாத்திய கதவை ஒரு தடவை பார்த்தாள். "யாருகிட்டயும் சொல்ல மாட்டீங்களே?" என்றாள். சொல்ல மாட்டோம், நீங்கள் சொல்வது ரகசியமாக வைக்கப்படும். அது படிவத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது, அதையும் இதே வாய்தான் வாசித்தது. ஊத்துக்குளிப் பக்கம் ரெண்டு சென்ட் சைட்டு, பிசிறு வெட்டின காசில், அண்ணன் மூலமாக, மாசா மாசம், ஏழு வருடம் கட்டி வாங்கியது. பத்திரம் அண்ணன் வீட்டில் இருக்கிறது. வீட்டுக்காரருக்குத் தெரியாது. எதற்கு என்று படிவத்தில் கேள்வி இல்லை, இருந்தும் துளசிமணி கேட்டுவிட்டாள். "ஒரு பேச்சுக்குச் சொல்றனுங்க்கா. எங்கூட்டை விட்டு வெளிய போடின்னு ஒருநாள் சொன்னா, போய் நிக்கறதுக்கு ஒரு எடம் வேணுமில்லீங்களா" என்றாள் கலாமணி.

வெளிய போடி. துளசிமணிக்கு அந்த வார்த்தை புதிதா என்ன? அவளுக்கு அது சொல்லப்பட்டது சித்திரை மாதம், மத்தியானம், சோறு வடித்துக்கொண்டிருந்தபோது. அடுப்பை அணைத்துவிட்டுப் போகலாமா, வேண்டாமா என்று ஒரு நிமிடம் நின்று யோசித்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது, அணைத்துவிட்டுத்தான் போனாள், கேஸ் வீணாகக் கூடாதே. நான்கு வயது அபிநயாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை, ஏறினால் எங்கே என்று கண்டக்டர் கேட்பானே. தனக்கும் ரெண்டு சென்ட் இருந்து, அதில் ஒரு வேப்பங்கன்று நட்டிருந்தால் அதன் அடியிலாவது போய் உட்கார்ந்திருக்கலாம். அப்படிப்பட்டவள். உலகத்தில் வேறு யார் செய்திருந்தாலும் மன்னிக்கலாம், இவள் செய்யலாமா? ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. படிவம் முடிகிற நேரத்தில் நாச்சிமுத்து வந்தான், கலாமணியின் புருஷன், பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர், சுத்தமான சட்டை, சுத்தமான பேச்சு. பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கடைசித் திரையில் எப்போதும் வருகிற வரி வந்தது: குடும்பத் தலைவரிடம் வாசித்துக் காட்டவும். துளசிமணி வாசித்தாள். ஆயிரம் வீட்டில் வாசித்த வாய், அதற்கு மூளை தேவைப்படுவதில்லை. இருசக்கர வாகனம் ஒன்று. தொலைக்காட்சி ஒன்று. குளிர்சாதனப் பெட்டி இல்லை. மின்விசிறி இரண்டு. இந்த இடத்தில் 'தவிர்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும், பெண்கள் பகுதி வாசிப்பில் வரக்கூடாது. பன்னிரண்டு நாற்பது பஸ்ஸை விட்டால் அப்புறம் ரெண்டு மணிக்குத்தான் பஸ் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். விரல் 'அடுத்து' என்பதை அழுத்தியது. மனைவியின் பெயரில் தனியாக உள்ள சொத்து, வீட்டுமனை, இரண்டு சென்ட், ஊத்துக்குளி. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், கெட்டால் தவளைதானே கெடுகிறது. இவள் வாயால் கெட்டது இன்னொருத்தி.

"அப்புடீங்களா" என்றான் நாச்சிமுத்து. அவ்வளவுதான். சிரித்தான்கூட. "கலா, மேடத்துக்கு ஒரு டீ போட்டுக் குடு" என்றான். அந்த ஒன்பது நாளும் துளசிமணியைத் தூங்கவிடாமல் செய்தது அந்த டீதான். அவன் கத்தியிருந்தால், சேரைத் தூக்கி எறிந்திருந்தால், அங்கேயே காலில் விழுந்து தப்பு தப்பு என்று சொல்லியிருக்கலாம். சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீயைக் கொடுத்தால் என்ன செய்வது? குடித்தாள். பன்னிரண்டு நாற்பது பஸ்ஸையும் பிடித்தாள். பேசாமல் இருக்கிற ஆம்பளையை அவளுக்குத் தெரியும். கத்துகிறவன் கத்தி முடித்துச் சோறு கேட்பான். பேசாதவன் என்ன செய்துகொண்டிருப்பான்? கதவைச் சாத்திக்கொண்டு கேட்பானோ? கத்தரியை எடுத்து ஒளித்து வைத்திருப்பானோ? அண்ணன் வீட்டுக்குப் போயிருப்பானோ? ஒருவேளை ஒன்றுமே நடக்கவில்லையோ? பெண்டாட்டி புத்திசாலி என்று சந்தோஷப்படுகிறவனும் இருப்பான், ஏன் இருக்கக்கூடாது, ஆயிரம் வீட்டில் ஒரு வீடு அப்படி இருக்காதா? அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டு அவளால் இரண்டு நிமிடம்தான் நிற்க முடிந்தது. பஸ் எப்போது கிளம்பியது என்றே தெரியவில்லை, நொய்யல் பாலம் பின்னால் போய்விட்டிருந்தது.

"எந்த ஸ்டாப்புங்க?" பக்கத்துச் சீட்டில் எப்போது வந்து உட்கார்ந்தாள் என்று தெரியாத ஓர் அம்மாள், மடியில் காலித் தூக்குப்போசி. பூலாங்காடு என்றாள். "அங்க ஒரம்பரையா?" சொந்தக்காரர் யாருமில்லை, கணக்கெடுக்கப் போகிறேன். "என்ன கணக்குங்க?" வேலை, கூலி, வீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை. அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எழுதுனா ஏதாச்சும் குடுப்பாங்களா?" என்று கேட்டாள். இல்லீங்க. "ஒண்ணுமே குடுக்க மாட்டாங்களா?" ஆராய்ச்சிங்க. பின்னால, எப்பவாவது, நல்லது நடக்கும். "நல்லது நடந்தாச் சரி" என்று சொல்லிவிட்டு அம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். இவளுக்குத்தான் தாங்கவில்லை, அந்த அம்மாளை எழுப்பி, கெட்டது நடக்குமுங்க, உடனே நடக்கும், பின்னால எல்லாம் இல்லை என்று சொல்லலாம் போலிருந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்று சொல்வார்கள். இவள் ஓணானைப் பிடித்துக் கலாமணி மடியில் அல்லவா விட்டுவிட்டு வந்தாள்.

சரி, மறுநாளே போயிருக்கலாமே. அங்கேதான் முள் இருக்கிறது, எப்படிச் சுற்றி வந்தாலும் யோசனை அந்த முள்ளில்தான் வந்து மாட்டுகிறது. இரண்டாவது தடவை போய்ச் சரிபார்க்கப் பத்து நாள் அவகாசம் உண்டு, அதற்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம், மறுநாள்கூடப் போகலாம். போய் அந்த மனையை 'இல்லை' என்று மாற்றினால் டேப்லெட் சும்மா விடாது, காரணம் கேட்கும். மூன்று காரணம்தான் இருக்கிறது. விற்றுவிட்டார். குடும்பத்தில் வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். முந்தைய பதிவு கணக்கெடுப்பாளரின் தவறு. நாச்சிமுத்து நம்ப வேண்டுமென்றால் மூன்றாவதைத்தான் அழுத்த வேண்டும், திரையைப் பார்த்து அவன்தானே கையெழுத்துப் போடப்போகிறான். மூன்றாவதை அழுத்தினால் சூப்பர்வைசர் அருள்ராஜ் சாருக்கு அன்று சாயங்காலமே தெரிந்துவிடும். ஏற்கெனவே இவள் பெயரில் இரண்டு தவறு இருக்கிறது. ஒரு வீட்டில் வயதை மாற்றிப் போட்டது, இன்னொரு வீட்டில் ஆடு நான்கு என்பதற்கு மாடு நான்கு என்று போட்டு அந்த ஏழையைப் பண்ணையாராக்கியது. அருள்ராஜ் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "மூணாவது வந்துட்டா நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க துளசிமணி. அடுத்த சுற்றுல பேர் இருக்காது." அடுத்த சுற்றில் பேர் இல்லாவிட்டால் அபிநயாவின் நர்சிங் காலேஜ் இல்லை. முதல் வருடம் முடியப்போகிறது. அம்மா, அந்த ஊசி போடற பாடத்துல நான்தான் முதல் என்று போன வாரம்தான் சொன்னாள். அதனால் செவ்வாய்க்கிழமை வேறு தெருவுக்குப் போனாள். புதன்கிழமை தலைவலி, பொய்த் தலைவலி இல்லை, நிஜத் தலைவலிதான். வியாழக்கிழமை ஆபீசில் வேலை இருந்தது, தேடிப் போய் வேலையை உண்டாக்கிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை இதே பஸ்ஸில் ஏறிப் பூலாங்காட்டுக்கு டிக்கெட்டும் எடுத்துவிட்டு மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டாள். இறங்கி, எதிர்ப்பக்கம் போய், திரும்பி வருகிற பஸ்ஸுக்கு நின்றாள். தன்னைப் பார்த்து ரோட்டில் எல்லோரும் காறித் துப்பப் போகிறார்கள் என்று அப்போது தோன்றியது, யாரும் ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் நாட்களை எண்ணுவதை விட்டுவிட்டாள்.

இன்றைக்கு எப்படித் துணிந்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. நாளையோடு அவகாசம் முடிகிறது என்பது ஒன்று. காலையில் தலை சீவும்போது காதோரத்தில் ஒரு நரைமுடியைப் பார்த்து, கலாமணியின் காதில் ஒட்டியிருந்த நூல் ஞாபகத்துக்கு வந்து, சீப்பைக் கீழே வைத்துவிட்டு அழுதாள் என்பது இன்னொன்று. போனால் போகட்டும் வேலை. அபிநயாவின் பீஸுக்குக் காதில் கிடக்கிற கம்மலை அடகு வைக்கலாம், அப்புறம் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகலாம், நாற்பத்தொரு வயதுக்குத் தரமாட்டார்களா, தருவார்கள். அழுத்திவிட வேண்டியதுதான். என் தவறு. உண்மையில் என் தவறுதானே, அந்தப் பொத்தானில் பொய் என்ன இருக்கிறது? அப்படி நினைத்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. நான்தானுங்க வேற ஊட்டுக் கணக்க மாத்திப் படிச்சுட்டேன். அந்த வீட்டம்மா பேரும் கலாமணிதானுங்க, அதான் குழப்பம். இது இப்போதுதான் தோன்றியது, நன்றாக இருக்கிறதே, பேர் ஒன்றாக இருந்தால் யாரும் நம்புவார்கள். ஒன்பது நாளில் முதல் தடவையாகத் துளசிமணிக்குப் பசித்தது. பூலாங்காடு இறங்கு என்று கண்டக்டர் கத்தினான்.

நிறுத்தத்திலிருந்து மூன்றாவது வீடு. நாச்சிமுத்து வீட்டிலேயே இருந்தான், இவளைப் பார்த்ததும் படியிறங்கி வந்தான். "வாங்க மேடம், வாங்க. உங்களுக்கு ஆயுசு நூறு, இப்பத்தான் பேசிட்டிருந்தம்" என்று அவனே சேரைத் துடைத்துப் போட்டான். கலாமணி அதே நடையில், அதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். துளசிமணி அவளுடைய முகத்தை, கழுத்தை, கையைத் தேடிப் பார்த்தாள். எங்கும் ஒரு காயமில்லை. பக்கத்தில் துணிக்கட்டும் இல்லை, கத்தரியும் இல்லை. கையை மடியில் வைத்து வெறுமனே உட்கார்ந்திருந்தாள்.

"போன தடவை நான்தானுங்க..." என்று துளசிமணி ஆரம்பித்தாள். சிரிப்பும் சரியாக வந்தது.

"அதுக்குத்தானுங்க மேடம் உங்களுக்கு ஒரு கும்பிடு போடோணும்னு இருந்தன்" என்று நாச்சிமுத்து நிஜமாகவே கையெடுத்துக் கும்பிட்டான். "நீங்க படிக்காட்டி எனக்கெங்கீங்க தெரியப்போகுது? இவளானா அஞ்சு நாளு ஒத்துக்கவே இல்ல. அந்தக்கா வேற ஊட்டுக் கணக்க மாத்திப் படிச்சுட்டாங்க, மறுக்கா வருவாங்க, வந்தா நீங்களே கேட்டுக்குங்கன்னு ஒரே சாதிப்பு. அவ சொன்ன தினுசுக்கு எனக்கே சந்தேகம் வந்துருச்சுங்க. செரி, இருந்தாலும் இருக்கும், அந்த மேடமே வந்து சொல்லட்டும்னு நானும் பேசாமத்தான் இருந்தன். நீங்க வருவீங்க வருவீங்கன்னு பாத்தா வரவே இல்ல. சனிக்கிழமை அவளே வாயத் தொறந்துட்டா. அப்பறம் அவங்கண்ணன் பத்திரத்தக் கொண்டாந்து குடுத்தாரு. நேத்து ரிஜிஸ்டர் ஆபீஸ்ல தானமா எம்பேருக்கு எழுதிக் குடுத்துட்டா. ஒரே குடும்பத்துக்குள்ளன்னா செலவும் கம்மிங்களாமா. இருங்க, டீ சொல்றன்." அவன் கடைப்பக்கம் நடந்தான், போகிற போக்கில் செருப்பை ஒழுங்காக மாட்டிக்கொண்டு.

துளசிமணி வாயில் அந்த வாக்கியம் அப்படியே இருந்தது. கலாமணி என்ற பேரில் இன்னொரு வீட்டம்மா, வேறு தெரு, எல்லாம் இருந்தது. இந்த மனுஷி முன்னாலேயே பாதியைக் கட்டி வைத்திருந்தாள், வெள்ளிக்கிழமை வந்து மீதியை இவள் சொல்லியிருந்தால் போதும், இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளாமலே ஒரே பொய். "அம்மிணி" என்றாள். அழுகைதான் வந்தது, அழுவதற்குத் தனக்கு என்ன பாத்தியதை என்று அதையும் அடக்கினாள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எட்டிப் பாத்தனுங்க்கா" என்றாள் கலாமணி. கோபமாகச் சொல்லவில்லை. "பரவால்லைங்க்கா, உங்களுக்கும் வேலை இருக்குமில்ல. எம்பேர்ல ஒண்ணுமில்லைன்னு எழுதிக்குங்க" என்றாள்.

துளசிமணி டேப்லெட்டைத் திறந்து இல்லை என்று மாற்றினாள். காரணம் கேட்டது. மூன்று வரியும் திரையில் வந்து நின்றன. விரல் மூன்றாவதற்குத்தான் போனது. இப்போது அதை அழுத்தினால் யாருக்கு என்ன லாபம், பொய்யல்லவா, ஆராய்ச்சிக்குப் பொய்யை எழுதலாமா என்று அவளுக்குள்ளிருந்து ஒரு குரல் மிக நியாயமாகக் கேட்டது. அபிநயாவின் முகமும் வந்தது. இரண்டாவதை அழுத்தினாள்: குடும்பத்தில் வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். படிவம் சரி என்று பச்சை காட்டியது. துளசிமணியின் பெயரில் புதிதாகத் தவறு எதுவும் ஏறவில்லை.